ராணிக்கு வரைந்த புகை

அச்சகத்தில் படங்களின் நிறத்தைச் சரிசெய்வதுதான் எனக்குப் பதினோரு வருடமாக வேலை. முகம் சிவந்திருந்தால் மெஜந்தாவைக் குறைப்பேன், பழைய படம் பழுப்பேறியிருந்தால் மஞ்சளை இறக்குவேன். யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். அந்தக் கைதான் ஒருமுறை காலை வாரிவிட்டது.

ஐரோப்பிய வரலாறு பற்றிய புத்தகம் ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு நீர்வண்ண ஓவியம், 1852இல் வில்லியம் வைல்ட் வரைந்த ‘கெர்சல் மூரிலிருந்து மான்செஸ்டர்’. கெர்சல் மூர் என்பது இங்கிலாந்தின் அந்தப் பஞ்சாலை நகரத்துக்கு வெளியே இருந்த மேட்டு வெளி. முன்னால் மரம், புல், ஆடுகள், ஒரு கிராமத்து ஜோடி. தூரத்தில் பஞ்சாலைப் புகைபோக்கிகள். மொத்தமும் ஒரே பொன் மஞ்சள். ஸ்கேனர் கோளாறு என்று நினைத்து மஞ்சளை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸை இழுத்து, மூட்டத்தையெல்லாம் துடைத்துவிட்டேன். புகைபோக்கிகள் எண்ணிப் பார்க்கிற மாதிரி கறுப்பாக எழுந்து நின்றன. எனக்குள் பெருமை வேறு!

ப்ரூஃப் பார்த்த பெரியவர் கூப்பிட்டார். “ஏனுங்க தம்பி, ராணிக்கு வரைஞ்ச படத்தை இப்படி வெளுத்துப்போட்டீங்களே?”

விக்டோரியா ராணி 1851 அக்டோபரில் மான்செஸ்டருக்குப் போய்வந்த பிறகு வரையச் சொன்ன படமாம். மாலை வெயிலும் ஆலைப் புகையும் கலந்த அந்த மஞ்சள்தான் படமே. 1801இல் சுமார் 75,000 பேர் இருந்த ஊர், ஐம்பது வருடத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. இதே கெர்சல் மூரில்தான் 1838இல் சார்ட்டிஸ்ட் என்ற தொழிலாளர் இயக்கத்தார் வாக்குரிமை கேட்டுப் பெருங்கூட்டம் கூட்டினார்கள். படத்தில் அந்த இடத்தில் ஆடு மேய்கிறது. ராணி பார்க்கப்போகிற படம், வேறென்ன வரைவார், பாவம்.

சரி என்று மஞ்சளைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆனால் மனசு ஒட்டவில்லை. ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்லப்பட்ட கோயமுத்தூரில் பிறந்தவன் நான். அப்பா மில் தொழிலாளி. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், அம்மா ஈரத்துணியால் துடைத்தாலும் முழுசாகப் போகாது. ஆனால் வீட்டில் தொங்கிய மில் காலண்டரில், அதே மில் பின்னால் மலையும் முன்னால் ரோஜாச் செடியுமாகப் பளபளவென்று இருக்கும்.

இரண்டு பிரிண்ட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜோடி மேல் விரலை வைத்து, “ஏன்டா, ஊரெல்லாம் மில்லா இருக்குது, இதுக ரெண்டுக்கும் வேலை கிடைக்கலையா?” என்றார்.