ஆறுதான் ரேடியேட்டர்

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலை. கோரிமேட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே அப்பாவின் பட்டறை. ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்த பழைய அம்பாசிடர் டீசல் காரைப் பட்டறைப் பையன் ஸ்டார்ட் செய்தான். இரண்டு முக்கல், ஒரு தும்மல், பிறகு அந்தத் தடதடப்பு. நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கை தானாகக் கயிற்றைத் தேடியது. எஞ்சின் பிடித்துவிட்டால் அடுத்து முன் கயிற்றையும் பின் கயிற்றையும் அவிழ்க்க வேண்டும். உடம்பு அதற்குப் பழகிவிட்டது. எதிரே ஆறு இல்லை. கொடியில் அம்மாவின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. நெஞ்சில் சுருக்கென்றது.

பதினான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கிறேன். அங்கே இருந்துகொண்டு சேலத்துக்காக ஏங்குவது எனக்குப் புதிதில்லை. எங்காவது எலுமிச்சை வாசனை அடித்தால் போதும், கோட்டை மாரியம்மன் கோயில் வாசல் கண்ணில் வந்து நிற்கும். ஆனால் சேலத்தில், சொந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பனியில் தார்ப்பாய் போர்த்திக் கட்டிப்போட்டிருக்கும் ஒரு படகுக்காக மனம் அடித்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

அந்தப் படகு என் வாழ்க்கைக்குள் வந்ததும் இதே சத்தத்தால்தான். அங்கே போய் ஐந்தாவது வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காவர்ஷம் பக்கம் தேம்ஸ் கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். வில்லோ மரங்களுக்கு அப்பால் அம்பாசிடர் ஓடும் சத்தம் கேட்டது. ஆற்றுக்குள் அம்பாசிடரா! மரங்களை விலக்கிக்கொண்டு ஓடினேன். சிறிய வெள்ளை மோட்டார் படகு ஒன்று. அதில் முதியவர் ஒருவர் பலகையைத் தூக்கி எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை நிறம் அடித்த எஞ்சின். ‘இது என் அப்பாவின் எஞ்சின்’ என்று சொல்லிவிட்டேன். என் அப்பாவிடமும் படகு இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டு, எந்த ஆற்றில் என்று கேட்டார். மலைமேல் ஏறும் கார்களில் என்று விளக்கி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது.

நான் சொன்னது வெறும் பாசத்தில் சொன்னதில்லை. அது பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின். 1,489 சிசி, நான்கு சிலிண்டர். எண்பதுகளில் அம்பாசிடருக்கு வந்த டீசல் எஞ்சின் இதே குடும்பம். அம்பாசிடரே அந்த மண்ணில் பிறந்ததுதான். ஆக்ஸ்ஃபோர்டின் கவ்லி தொழிற்சாலையில் செய்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் காரின் மூன்றாம் வரிசை கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவுக்கு வந்து அம்பாசிடர் ஆயிற்று. 2014 வரை அங்கே ஓடியது உற்பத்தி. இங்கிலாந்தில் இந்த டீசல் எஞ்சினைப் படகுகளுக்கும் பொருத்தினார்கள். ஒன்று ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியது. மற்றொன்று மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத ஆற்றில் அன்னத்தோடு நீந்தியது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இரண்டு வருடம் கழித்து, இனித் தன் முட்டி ஒத்துழைக்காது என்று அந்தப் பெரியவர் படகை எனக்கே விற்றார். ஃப்ரீமேன் என்ற ரகம், இருபத்து மூன்றடி. கடலே எட்டாத ஹிங்க்லி என்ற ஊரில் எழுபதுகளில் கண்ணாடி இழையில் கட்டியது. டீசல் எஞ்சின் பிற்பாடு வைத்தது. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, தலை குனிந்து நிற்க ஓர் இடம். என் கணவர் ஆத்தூர்க்காரர். இந்தக் காசுக்கு ஆத்தூரில் அரை கிரவுண்ட் வாங்கலாமே என்றார். இன்றும் சொல்வார். ஆனால் சனிக்கிழமை காலையில் என்னை முந்திக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

வாங்கிய அன்று அப்பாவுக்குத் தொலைபேசியில் எஞ்சினைக் காட்டினேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, “ரேடியேட்டர் எங்கே கண்ணு?” என்றார்.

“ரேடியேட்டர் கிடையாது அப்பா. ஆறுதான் ரேடியேட்டர். பம்ப் ஆற்றுத் தண்ணீரை இழுக்கும். எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து பின்னால் வெளியே போய்விடும்.”

“பிரேக்?”

“பிரேக்கும் கிடையாது. ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.”

ஏற்காட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த வண்டிகளை நாற்பது வருடம் பார்த்தவர் அவர். மறுநாள் காலையே மறுபடி கூப்பிட்டார். “ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தத் தண்ணீர் பம்ப் நின்றுவிட்டால் உனக்கு எப்படித் தெரியும்?” பின்னால் தண்ணீர் துப்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். அன்றிலிருந்து எந்த வாரம் பேசினாலும் அவருடைய முதல் கேள்வி, “தண்ணீர் துப்புகிறதா?” அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா என்பதெல்லாம்.

அங்கே படகுகளுக்குச் சிவப்புச் சாயம் கலந்த டீசல் விற்பார்கள். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலம் கலப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் விளங்காத விஷயமில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்று வாங்க வேண்டும். கேஸ் குழாய், வயரிங், டீசல் குழாய் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. காருக்குக்கூட நம் ஊரில் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை என்றார்.

என்னைச் சோதித்தது முதல் குளிர்காலம். தண்ணீர் உறைந்தால் விரியும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அது இரும்பையும் கண்ணாடியையும் உடைக்கும் என்பது சேலத்து உடம்புக்குத் தெரியாது. மார்கழிக்குளிரில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதைத்தான் நாம் குளிர் என்போம். நவம்பரில் எஞ்சினின் ஆற்றுத் தண்ணீரை வடிக்காமல் விட்டுவிட்டேன். மார்ச்சில் வந்து வால்வைத் திறந்ததும் ஆறு உள்ளே பீய்ச்சி அடித்தது. தண்ணீரை வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணம் உச்சியிலிருந்து அடிவரை விரிசல் விட்டிருந்தது. கிண்ணத்தை மாற்றினேன். டீசல் ஃபில்டரையும் கையோடு மாற்றினேன். எஞ்சின் பிடிக்கவில்லை.

படகுத்துறையில் இருந்த மெக்கானிக் வந்து பலகையைத் தூக்கினார், பார்த்தார், மூடினார். எஞ்சின் முடிந்துவிட்டது, புதிது போட்டுவிடுங்கள் என்றார். சொன்ன விலை நான் படகுக்குக் கொடுத்ததைவிட அதிகம். எனக்கு இன்றுவரை ஆறாத குறை அதுதான். ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்காமல் ஓர் எஞ்சினைச் செத்துவிட்டது என்று சொல்ல மனிதருக்கு எப்படி மனம் வருகிறது? எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வேறு எங்கோ சாவு சொல்லப்பட்டவை. அப்பா அதன்மேல் கை வைத்துவிட்டு, “ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்ளலாம்” என்பார். உடம்பு சரியில்லாத பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அங்கே சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சேலத்தில் பகல் இரண்டரை. அப்பாவின் மதியத் தூக்கத்தைக் கலைத்தேன்.

“சுற்றும்போது புகை வருகிறதா?”

“வரவில்லை அப்பா.”

“அப்படியென்றால் டீசலே போகவில்லை. ஃபில்டர் மாற்றினாய் அல்லவா, காற்று புகுந்திருக்கும். ஏர் எடு.”

ஃபில்டர் தலையிலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, டீசல் பம்பின் சின்னக் கைப்பிடியைப் பெருவிரலால் அடித்தேன். முதலில் நுரை வந்தது. சோடா பாட்டில் திறந்ததுபோல் பொறுபொறுவென்று. பிறகு நுரையும் டீசலும் மாறி மாறி. பிறகு குமிழே இல்லாமல் சிவப்பாக, ஒரே நூலாக வழிந்தது. இறுக்கினேன். அடுத்த ஸ்குருவிலும் அப்படியே. கடைசியில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் நான்கு குழாய்களின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கணவரைச் சாவி திருப்பச் சொன்னேன். துளி துளியாகத் துப்பியது. இறுக்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தபோது பின்னால் வெள்ளையாகப் புகை எழுந்தது. அப்பா தொலைபேசியிலேயே கைதட்டினார்.

“வெள்ளைப் புகை வந்துவிட்டது அல்லவா! டீசல் போகிறது, பற்றத்தான் சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக்கைக் கழற்றி இடுக்கியில் பிடித்து, பேட்டரியில் தொட்டுப் பார். நுனி சிவக்க வேண்டும்.”

நான்கில் இரண்டு சிவக்கவே இல்லை. கூரியரில் புதியவை வர மூன்று நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து நேரே போய்ப் பொருத்தி, சாவியைத் திருப்பினேன். பிடித்தது. தொலைபேசியை எஞ்சினுக்கு அருகே பிடித்தேன். சேலத்தில் நள்ளிரவு நெருங்கியிருந்தது. அப்பா தூங்காமல் காத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் என்று அம்மா பிறகு சொன்னாள். “ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு” என்று மெதுவாக எண்ணினார். இந்த எஞ்சினின் சிலிண்டர்களில் டீசல் வெடிக்கும் வரிசை அது. எனக்கு ஏழு வயதில், வாய்ப்பாட்டுக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தது. “மூன்றாவது நாசில் கொஞ்சம் தட்டுகிறது. அவசரமில்லை” என்றார். ஐயாயிரம் மைல் தாண்டி, அந்த இரைச்சலுக்குள் அவருக்கு மூன்றாவது நாசில் கேட்டது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழத்துக்குத்தான் வழி தெரியவில்லை. சக்கரமே இல்லாத வண்டிக்கு எங்கே வைப்பது? அம்மாவைக் கேட்டேன். “தண்ணீரில் விடு சாமி, படகு அதன்மேல் போகட்டும்” என்றாள். விட்டேன். பழம் மிதந்து விலகிப் போனது. ஓர் அன்னம் அதைத் துரத்திக்கொண்டு போனது. அம்மா அதை நல்ல சகுனம் என்று முடிவு செய்து தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அந்த ஆறு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. லாக் என்பது ஆற்றின் மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவு வைத்த தொட்டி. மழைக்குப் பிறகு, வேகம் அதிகம் என்று லாக்குகளில் சிவப்புப் பலகை வைத்திருந்தால் படகை அவிழ்க்கக்கூடாது. நவம்பரில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். டேங்க்கை நிரப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்து டீசலில் தண்ணீர் இறங்கும். லாக்குக்குள் நுழைந்து கயிற்றைப் போட்டதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பின்னால் கதவு மூடும். தண்ணீர் மெல்ல ஏறி, படகையும் நம்மையும் தூக்கிக்கொண்டு மேல்மட்டத்துக்குக் கொண்டுபோகும். அந்த அமைதியில் எனக்கு நினைவில் வருவது ஏற்காட்டு அடிவாரம்தான். மலை ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்தி அப்பா பானெட்டைத் திறப்பார். ஒன்று, இரண்டு என்று வளைவுகளை எண்ணிக்கொண்டு போவோம். பத்தாவது தாண்டினால் காற்று மாறும்.

மூன்று வருடங்களுக்கு முன் கோடையில் ஆக்ஸ்ஃபோர்டு வரை போனோம். பதினொரு லாக்குகள். கடைசி லாக்கான இஃப்லியைத் தாண்டிப் படகைக் கட்டிவிட்டு, கவ்லி வரை நடந்தோம். இப்போது அங்கே வேறு கார்கள் செய்கிறார்கள். வேலி ஓரம் நின்று அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “அம்பாசிடரின் பிறந்த வீடு” என்று பட்டறைக்கு வருபவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நேற்று அவரை ஏற்காட்டு ஏரிக்கு அழைத்துப் போனேன். எழுபத்தாறு வயது. துடுப்புப் படகில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் துடுப்புக்காரரிடம் ஏரியின் ஆழத்தை விசாரித்தார். கையைத் தண்ணீரில் விட்டு வைத்திருந்தார். இந்த மே மாதம் அங்கே வாருங்கள் அப்பா, ஒரே ஒரு தடவை உங்கள் கையால் ஸ்டார்ட் செய்யுங்கள் என்றேன். பட்டறையை யார் பார்ப்பது என்றார். சற்று நேரம் கழித்து, “மே மாதம் அங்கே குளிருமா?” என்று கேட்டார். குளிராது என்றேன். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று இரவு பெட்டி கட்டுகிறோம். அப்பா, ஓட முடியாமல் பட்டறையில் நிற்கும் ஓர் அம்பாசிடரிலிருந்து எடுத்த நான்கு நாசில்களைச் சோதித்து, என் படகு நாசில்களின் எண்ணோடு ஒத்துப்பார்த்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். எடை கூடுகிறது. அம்மா முதலில் வெல்லத்தை எடுத்தாள். பிறகு ஜவ்வரிசி வடகத்தை எடுத்தாள். தட்டுவடைப் பொட்டலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை முறைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் எதையும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாசிலையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே பென்சிலால் எண் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்று. மூன்று. நான்கு. இரண்டு.