கடல் தின்ற இரும்பை அடையாளம் காணுதல்

நெடுங்காலம் கடலில் கிடந்த இரும்பு, இரும்பாகத் தோன்றுவதே இல்லை. குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கம் மூழ்கிய கலங்களில் சிக்கி வலையோடு மேலே வருபவை பெரும்பாலும் மணலும் சிப்பியும் சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து இறுகிய கட்டிகளே. பழம்பொருள் பராமரிப்பு வேலையில் அவை என் மேசைக்கு வந்து சேரும் முன்பே பெயர் சூட்டப்பட்டிருக்கும். "சாரே, இது டச்சுக்காரன் குண்டு" என்பார்கள். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்த கரையில் அந்த ஆசை இயல்பானதுதான். ஆனால் அந்தப் போருக்கு முன்னும் பின்னும் இந்தக் குமரி முனையைச் சுற்றிப் போன கப்பல்களுக்குக் கணக்கில்லை.

பீரங்கிக் குண்டு என்று வருவதை நான் எடையால் மதிப்பிடுவதில்லை. வார்ப்பிரும்பு உப்புநீரில் ஊறும்போது இரும்பு மெல்ல அரித்து வெளியேற, அதிலிருந்த கிராஃபைட் மட்டும் பழைய உருவத்தைத் தாங்கி நிற்கும். பார்வைக்குக் குண்டு முழுதாக இருந்தாலும் கைக்கு லேசாக இருக்கும், கத்தி பட்டால் கீறும். ஆகவே விட்டத்தைத்தான் அளக்கிறேன். ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் என்றால் 12 பவுண்டுக் குண்டாக இருக்கலாம். ஆம்ஸ்டர்டாம் பவுண்டு ஆங்கிலேயப் பவுண்டைவிடச் சற்றுக் கனமானது என்றாலும், அந்த வேறுபாடு விட்டத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கே வரும். அதைத் துரு எப்போதோ தின்றிருக்கும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த வரம்பு தெரிந்தால் வார்ப்பு என்று துணிந்து சொல்லலாம், யாருடைய வார்ப்பு என்று சொல்ல முடியாது.

அடித்துச் செய்த இரும்பு அப்படியல்ல, அது விறகைப் போல நாரோடி அரிக்கும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தும் நான் தயங்கிய ஒரு வளையத்தில், சூட்டில் இரு முனைகளையும் சேர்த்தடித்த இடத்தை வயதான கொல்லாசாரி ஒருவர் விரலால் தொட்டுக் காட்டினார். அவர் சொன்ன பிறகே, கட்டியைச் சுரண்டி நடுவிலிருந்த குறுக்குத் தண்டையும் கண்டோம். அது நங்கூரச் சங்கிலியின் கண்ணி. அத்தகைய சங்கிலி 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1741இல் நங்கூரத்தைக் கட்டியது கயிற்று வடம். டச்சுக்காரர் கதை அதோடு முடிந்தது.

கொண்டு வருபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: சுத்தியலால் உடைக்கவோ வெயிலில் காயவைக்கவோ வேண்டாம், சலவைச் சோடா கரைத்த நீரில் மூழ்கியபடியே கொண்டு வாருங்கள். காய்ந்தால் உள்ளே தங்கிய உப்பு வேலையைத் தொடங்கிவிடும், பொருள் வெடித்து ஏடு ஏடாக உதிரும்.

சில கட்டிகளுக்குள் எதுவுமே இருக்காது. இரும்பு முழுவதும் போய், அது இருந்த இடம் மட்டும் வெற்றிடமாக எஞ்சியிருக்கும். துளையிட்டு அதில் பிசினை ஊற்றி, இறுகியபின் வெளிக் கட்டியை உடைத்தால், சதுரத் தண்டும் தலையில் சம்மட்டித் தடமுமாக ஆணி வெளியே வரும். துளியும் இரும்பில்லாத அதைப் பதிவேட்டில் எந்த வகையில் சேர்ப்பது என்று அலுவலகத்தில் கேட்பார்கள். நான் இரும்பு என்றே எழுதிவிடுவேன்.