அம்மா போன பிறகு தம்பிக்கு வந்த கோபம்: எங்கெல்லாம் அலைந்தோம், எது உதவியது

என் தம்பிக்கு முப்பது வயது ஆகப் போகிறது. அறிவுசார் குறைபாடு, மிதமான அளவு, சான்றிதழில் 75 சதவீதம் என்று இருக்கும். ரெண்டு மூணு வார்த்தை சேர்த்துப் பேசுவான், அதற்கு மேல் வராது. அம்மா வீட்டில் பீடி சுற்றுவாள், இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருப்பான், சாயங்காலம் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவளோடு பீடிக்கடைக்குப் போய் வருவான். அவனுக்கு வேலையும் அதுதான், பொழுதும் அதுதான்.

அம்மா தவறிய பிறகு ஆள் மாறிவிட்டான். ராத்திரி தூக்கம் இல்லை. வலது காதில் படார் படாரென்று அறைந்துகொள்வான். என் வீட்டுக்காரி அம்மாவின் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் போதும், பீடி இலையை வாரி வாசலில் எறிவான். தெருவில் “கோட்டி முத்திட்டு”, பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள், பெரியம்மா மந்திரித்த கயிறு வாங்கி வந்தாள். கட்டிக்கொண்டான், அதில் ஒன்றும் குறையில்லை.

முதலில் பார்த்த டாக்டர் ரெண்டு நிமிஷத்தில் “இவங்க இப்படித்தான் இருப்பாங்க” என்று சொல்லி ரிஸ்பெரிடோன் என்கிற மனநல மாத்திரையை எழுதிக்கொடுத்தார். பகலெல்லாம் தூங்கினான், கண்டபடி பசித்தது, உடம்பு ஊதியது, காதில் அறைவது மட்டும் நிற்கவில்லை. கவுன்சிலிங் கிடைக்குமா என்று கேட்டுப் போன ஓரிடத்தில் “இது மனநோய் இல்லியே, மாற்றுத்திறனாளி ஆபீஸ்ல கேளுங்க” என்றார்கள், அங்கே போனால் “அதெல்லாம் ஆஸ்பத்திரியிலதான்” என்றார்கள். அறிவுசார் குறைபாடு மட்டும் இருந்தால் அது மனநோய் ஆகாது, 2017 மனநலச் சட்டமும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது, சரி. ஆனால் அந்தக் குறைபாடு உள்ளவனுக்குத் துக்கமும் பயமும் மனச்சோர்வும் வரவே வராதா என்ன? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகையில் அறிவுசார் குறைபாடும் மனநோயும் தனித்தனியாக இருக்கின்றன, ஒரே ஆளுக்கு ரெண்டும் சேர்ந்து வரலாம். இதைக் கவுண்டரில் நின்று வாதாட வேண்டியிருந்தது.

வழி காட்டியது அவன் சின்ன வயதில் படித்த சிறப்புப் பள்ளி டீச்சர். இந்தப் பிள்ளைகளோடு பழகிய ஒரு உளவியலாளர் பாளையங்கோட்டையில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார். போனதும் அந்தம்மா என்னிடம் கதை கேட்கவில்லை, தம்பிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அவனிடம் பேசினார், பதிலுக்குக் காத்திருந்தார். அப்புறம் எங்களிடம் சொன்ன முதல் விஷயம், காதையும் பல்லையும் காட்டிவிட்டு வாருங்கள் என்பது. வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் வலிக்கிற இடத்தில் அடித்துக்கொள்வது உண்டாம். காது டாக்டர் பார்த்தால் அழுக்கு கல்லாக இறுகி உள்ளே புண். அதை எடுத்து மருந்து விட்டதில் அறைவது பாதிக்கு மேல் குறைந்தது.

மீதிக்கு ஒரு நோட்டு போடச் சொன்னார். கோபம் வருவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கு நாங்கள் என்ன செய்தோம், மூன்று பத்தி. எழுதிப் பார்த்ததில் ரெண்டு விஷயம் தெரிந்தது. அம்மாவின் தட்டை வேறு ஒருத்தி தொடுவது ஒன்று. இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துள்ளிக்கொண்டு வருகிறவன் கிளம்பும்போதுதான் ஆடித் தீர்க்கிறான்.

உளவியலாளர் அவனிடம் “அம்மா எங்கே?” என்று கேட்டார். “ஆஸ்பத்திரி” என்றான்.

சாவு அன்றைக்கு அவனைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்து, “அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, வந்துருவா” என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவன் இத்தனை நாளும் அவளைத் தேடித்தான் வார்டு வார்டாக எட்டிப் பார்த்திருக்கிறான், நாங்கள் அவளை விட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்! யாருக்குத்தான் கோபம் வராது?

தூங்குகிறாள், சாமியிடம் போய்விட்டாள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம் என்றார் உளவியலாளர். “அம்மா செத்துப் போயிட்டா. உடம்பு வேலை செய்யாது. திரும்பி வர மாட்டா.” சின்னச் சின்ன வாக்கியம், எல்லாரும் ஒரே மாதிரி, எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். எனக்கு நாக்கு எழவில்லை, என் வீட்டுக்காரிதான் முதலில் சொன்னாள். அவன் அழுதான், மறுநாள் திரும்பக் கேட்டான், திரும்பச் சொன்னோம், இது பல வாரம் ஓடியது. சுடுகாட்டைக் கூட்டிப் போய்க் காட்டினோம். அம்மா போட்டோக்களை வரிசையாக ஒட்டி ஒரு ஆல்பம் செய்தோம், கடைசிப் பக்கத்தில் மாலை போட்ட படம். வீட்டுக்காரிக்குப் புதுத் தட்டு வாங்கினோம், பழையது அவனுக்கே. சாயங்காலம் கட்டுகளை இப்போதும் அவன்தான் தூக்கிப் போகிறான். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் ஆற்றில் இறங்கி என்னோடு எள்ளும் தண்ணீரும் விட்டான், ஐயர் அவசரப்படுத்தாமல் இருந்தது பெரிய உதவி.

இப்படி உதவி தேடிப் போகிறவர்கள் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பழைய சான்றிதழ், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷம் ஒரு லட்சம் வரை, அதில் தெரபிச் செலவுக்கும் இடம் உண்டு, பில்லைத் தொலைக்காதீர்கள். நடுராத்திரியில் வீட்டு ஆட்களுக்கே தாங்கவில்லை என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எங்களுக்கு மனநல டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். கரண்ட் போனால் தம்பி இன்னமும் கத்துகிறான், அது எதனால் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.