பிரேக் மிதித்தால் மீட்டர் விளக்கு

நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் இருபது வருஷமாக நிற்கிற கார் எங்களுடையது. போன மாதம் ஓர் இரவு பிரேக்கை மிதித்தேன், மீட்டர் விளக்கு மங்கலாக எரிந்தது. லைட் சுவிட்சைத் தொடவே இல்லை. காலை எடுத்தால் அணைகிறது. "பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி.

கடையில் பின்பக்க லைட் செட்டையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு. பின்னால் இருப்பது இரட்டை இழை பல்பு: பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட், இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது விட்டுப்போனால் பிரேக் கரண்ட் சும்மா இருக்காது. 5 வாட் இழை வழியாகப் புகுந்து பார்க்கிங் லைனில் பின்னோக்கி ஓடும். மீட்டர் விளக்கும் அதே லைனில்தான்.

மனைவியை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பல்பு ஹோல்டர் எர்த்திலும், மறு முனையை பெயிண்ட் சுரண்டிய பாடியிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது, 11 வோல்ட் காட்டியது. டிக்கிக்குள் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் துரு, பொடிப்பொடியாக உதிர்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். பேய் போயே போச்சு.

சரி, வந்ததே வந்தோம் என்று பியூஸ் பெட்டியையும் திறந்தேன். மூடியில் 10 என்று போட்டிருக்கிற இடத்தில் பச்சை பியூஸ், 30 ஆம்பியர்! இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டிய ஃபாக் லேம்ப்பின் உபயம். இரண்டும் சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்கு மேல். அதைப் பார்க்கிங் லைனிலேயே கோத்திருக்கிறார்கள். அங்கே இருக்க வேண்டிய 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ் அடிக்கடி போயிருக்கும், பெரியதாக ஒன்றைச் செருகிவிட்டார்கள். பியூஸ் காப்பாற்ற வேண்டியது பல்பை அல்ல, வயரை. சுவிட்சுக்குப் பின்னால் அந்த மெல்லிய வயரின் தோல் பழுப்பேறி, வளைத்தால் வெடிக்கிறது.

அந்தத் துண்டை வெட்டி மாற்றினேன். சிவப்பு பியூஸ் பழைய இடத்துக்கு வந்தது. ஃபாக் லேம்ப்புக்குத் தனி ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்), பேட்டரியிலிருந்து தனி வயர், அதில் நீல நிற 15 ஆம்பியர் பியூஸ். பியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். தள்ளி வைத்தால், நடுவில் இருக்கிற வயர் பாடியில் உரசும்போது கேட்க நாதியில்லை.

இடது பக்க எர்த் ஸ்க்ரூ மட்டும் இன்னும் கழலவில்லை. தலை மழுங்கிப்போய்ச் சுற்றுகிறது. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன்.