ஓமாவின் மெழுகுதிரியோடு கேவலார் மாதாவிடம்

இந்த முறை ஜேர்மனியில் இருக்கிற கேவலார் மாதா தலத்துக்குப் போனது என் நேர்த்திக்காக இல்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கிற ஓர் ஓமாவுக்காக. ஓமா, ஓப்பா என்றால் இங்கே பாட்டி, தாத்தா. அவருக்கு 86 வயது. ஒரு காலத்தில் தன் பங்குச் சனத்தோடு வருடா வருடம் நடந்தே போனவர். இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் வேண்டும். யூலையில் ஒருநாள் தலை சீவிவிடும்போது கேட்டார்: "ஓகஸ்டில் உங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கே போவீர்களே, எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவாயா, பிள்ளை?" கேட்டது டொச்சில், ஜேர்மன் மொழியில்தான். ஆனால் என் காதில் "பிள்ளை" என்றுதான் விழுந்தது.

சனிக்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். ஏ57 நெடுஞ்சாலையில் வாகன நெரிசல், ஒன்றரை மணித்தியாலம் அப்படியே நின்றோம். முன்னாலும் பின்னாலும் பிரான்ஸ், சுவிஸ், ஹொலண்ட் நம்பர் பிளேட்டுகள், உள்ளே எல்லாம் சேலை கட்டிய அன்ரிமார். காரை எங்கோ ஒரு வயல்வெளியில் விட்டு நடந்தோம். என் முழங்காலைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

பத்தாயிரத்துக்கு மேல் தமிழர் கூடும் நாள் அது. நெற்றியில் திருநீற்றோடு வருகிறவர்களும் நிறைய. மாதாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. எனக்குத்தான் வேறு கோபங்கள். பூசைக்குப் போகிற வழியில் கையில் நகைக்கடைத் துண்டுப்பிரசுரத்தைத் திணிக்கிறார்கள். வரிசையில் ஓர் அண்ணை தன் குடும்பம் முழுவதையும் எனக்கு முன்னால் செருகிவிட்டு, "பிள்ளை சின்னன், அதுதான்" என்றார். சின்னப் பிள்ளைக்கு மீசை முளைத்திருந்தது. மெழுகுதிரி விலை கேட்டு அப்படியே வைத்துவிடப் பார்த்தேன்.

அப்புறம் இந்தத் தலம் தொடங்கிய கதையில் வருகிற மெஹலின் ஞாபகம் வந்தது. அவவும் விலை கூட என்றுதான் இந்த மாதா படத்தை முதலில் வாங்காமல் விட்டவ. ஊர் ஊராய்த் திரிந்து வியாபாரம் செய்த அவ கணவர் ஹென்ட்ரிக் புஸ்மனுக்கு 1641 நத்தாரை ஒட்டி, இங்கே எனக்கொரு சிற்றாலயம் கட்டு என்று மூன்று தரம் குரல் கேட்டது. மெஹலும் இரவில் ஒளிக்குள் அதே படத்தைக் கண்டா. சிப்பாய்கள் இரண்டு பேர் விற்க வந்த லக்சம்பேர்க் மாதாவின் படம். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். 1642 யூன் முதலாம் திகதி அதைச் சிற்றாலயத்தில் வைத்தார்கள், இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. மாதாவே இங்கு வெளியூரிலிருந்து, சண்டைக்குள்ளால் வந்தவதான். இலங்கையில் எங்கள் மடு மாதாவும் அப்படித்தானே? 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்த சனம் சுரூபத்தை மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடியது. 2008இல் சண்டைக்குள் மறுபடியும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தா.

மெழுகுதிரியை வாங்கினேன். இரண்டு மணித்தியாலம் கழித்து அந்தப் படத்துக்கு முன்னால் நின்றேன். தபாலட்டையைவிடச் சின்னப் படம், பழுப்பேறிய கடதாசி, சுற்றிவரத் தங்கம். ஓமா சொல்லிவிட்டதெல்லாம் மறந்துபோச்சு. "கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே" என்று அம்மா செபமாலை முடிவில் இழுத்துச் சொல்லும் குரல் மட்டும் வந்தது. கண்ணெல்லாம் தண்ணீர். பின்னாலிருந்து யாரோ முதுகில் இடித்தார்கள், அதுவும் அப்போது உறைக்கவில்லை.

ஓமாவும் ஓடிவந்தவர்தான். 1945 சனவரிக் குளிரில் ஆறு வயதில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஸ்லாவிலிருந்து. அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. அப்படிக் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மனியர் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் பேர். அதே மொழி, அதே மதம், ஆனாலும் இந்தப் பக்கத்துச் சனம் அவர்களை விரும்பவில்லை. இவர்களை வைத்திருந்த பண்ணைக்காரி சமையலறையைப் பூட்டித் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வாளாம். 85இல் எங்கள் ஊர் அகதி முகாமுக்கு முதல் தமிழ்ப் பொடியன்கள் வந்தபோது குளிர்ச்சட்டையோடு வந்த ஒன்றிரண்டு பேரில் இந்த ஓமாவும் ஒருவர். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அந்தத் திறப்பு," என்றார், அவ்வளவுதான்.

நான் 89இல் வந்தேன். ஹோட்டலில் கோப்பை கழுவினேன், பிறகு படித்து, இப்போது இருபது வருடமாக இவர்களைக் குளிப்பாட்டுகிறேன். எங்கள் பங்கில் பீடப் பிள்ளைகளில் பாதி தமிழ்ப் பிள்ளைகள், மிச்சம் போலந்து, நைஜீரியா. அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள் என்ற சுவிசேஷம் வாசிக்கும்போது முன்பெல்லாம் அந்த அன்னியன் நான்தான் என்று நினைத்து அழுவேன். அன்று படத்துக்கு முன்னால் யார் யாரை ஏற்றுக்கொண்டது என்றே எனக்குக் குழம்பிவிட்டது. ஓமாவின் திரியைக் கொளுத்தினேன். பக்கத்தில் என்னுடையதையும். காற்றுக்கு இரண்டும் ஒன்றாகச் சாய்ந்தன. தாயே, எத்தனை பேரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாய்! நன்றி, அம்மா, நன்றி.

திங்கட்கிழமை ஓமாவுக்கு மாதா படம் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முத்தமிட்டார். சனம் எவ்வளவு, பாட்டுப் பாடினார்களா என்றெல்லாம் கேட்டார். பிறகு தலையணைக்குக் கீழிருந்த காசுப் பையைத் தடவி எடுத்து, மெழுகுதிரி எவ்வளவு என்றார். சொன்னேன்.

"அவ்வளவா!" என்று கத்தியதில் பக்கத்து அறை ஓப்பா எழும்பிவிட்டார்.