எப்சம் உப்பும் கோலமாவும்

தை பிறந்த கையோடு குடைமிளகாயின் அடியிலைகளில் மஞ்சள் திட்டு தெரிய ஆரம்பித்தது. ஓசூர் பக்கம் எங்களுக்குக் கால் ஏக்கரில் ஒரு பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்ட பசுமைக்குடில். மஞ்சள் கீழிருந்து மேலே ஏறியதால் மெக்னீசியம் பற்றாக்குறை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பூச்சிமருந்துக் கடைக்காரரும் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். ஐந்து கிலோ எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், வாங்கி, கரைத்து, இரண்டு தடவை அடித்தாயிற்று. திட்டு குறையவில்லை, இலைதான் கொட்டியது.

காய் பறிக்க வரும் அக்கா ஒருநாள் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். “இதென்ன தம்பி, அடியில கோலமாவு கொட்டின மாதிரி இருக்கு?”

சாம்பல் நோய். முந்தைய பயிர் வெள்ளரி. அதில் இந்த நோய் இலையின் மேலேயே வெள்ளையடித்தது போல் தெரியும், வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். குடைமிளகாயில் வருவது வேறு பூஞ்சை, லெவெயில்லுலா. இலைக்குள்ளேயே ஓடி, அடிப்பக்கத்து நுண்துளைகள் வழியே வெளியே வந்து வித்துகளை உதிர்க்கும். மேலே வெறும் மஞ்சள்தான். மெக்னீசியம் குறைந்தால் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். இது நரம்பு கிரம்பு பார்க்காமல் திட்டுத்திட்டாகப் படரும். இப்போது சொல்ல எளிதாக இருக்கிறது! இலை நனையாவிட்டாலும் இது பரவும், அதனால் மழை படாத குடில்தானே என்று நான் அசட்டையாக இருந்ததும் தப்பு.

அன்று மாலையே நோய் கண்ட இலைகளைக் கிள்ளினோம். உரச்சாக்கைச் செடிக்குப் பக்கத்திலேயே பிடித்து நேராக அதற்குள் போட வேண்டும். கூடையில் போட்டு வரிசை நெடுகத் தூக்கிக்கொண்டு நடந்தால் நாமே விதைத்த மாதிரி. அப்புறம் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத்தூள்), லிட்டருக்கு 2 கிராம், தெளிப்பானின் நாசிலை மேல்நோக்கிப் பிடித்து இலையின் அடி நனையும்படி. அதையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். 32 டிகிரியைத் தாண்டினால் கந்தகமே இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். கூரை ஷீட்டில் கந்தகம் படியப் படிய அதன் ஆயுளும் குறையும், அதனால் கை அடக்கமாக அடிக்க வேண்டும். இலைக்குள் ஓடிவிட்ட பூஞ்சையைக் கந்தகம் தொடாது. அதற்கு ஊடுருவும் பூஞ்சைக்கொல்லி தனியாக, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் பார்த்துக்கொண்டு.

புது இலைகள் சுத்தமாக வருகின்றன. இலை கொட்டிய இரண்டு வரிசையில் மட்டும் காய்களுக்கு நிழல் இல்லாமல், வெயில் சுட்டு ஒரு பக்கம் வெளுத்துவிட்டன. அவை இரண்டாம் ரகமாகத்தான் போயின. மீதி எப்சம் உப்பு மோட்டார் ரூமில் கிடக்கிறது, மூன்று கிலோ தேறும். யாருக்காவது நிஜமாகவே மெக்னீசியம் பற்றாக்குறை இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.