லாட் மாறிப்போன மூளைகள்

எழுபது வயதுக்காரர் ஒருவரின் ஹிப்போகேம்பஸ் இரண்டு வருடத்தில் வளர்ந்திருக்கிறது என்றது என் எக்செல் தாள். ஒருவர் என்றால் விட்டுத்தள்ளலாம், பாதிப் பேருக்கு மேல் அப்படியே. நினைவாற்றலுக்கான அந்தப் பகுதி வயதாக ஆகச் சுருங்கும். அல்சைமர் வந்தவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 3 முதல் 5 சதவீதம். இப்படிக் கும்பலாக வளர வழியே இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஆய்வுக்குழுவில் எம்ஆர்ஐ படங்களை அளந்து கணக்கெடுப்பது அப்போது என் வேலை. ஸ்கேனரை மாற்றினார்களா, செட்டிங் மாறியதா என்று ஒரு வாரம் தேடி, கடைசியில்தான், படங்களை அளக்கும் மென்பொருளான ஃப்ரீசர்ஃபர் தன் வெர்ஷனை ஒவ்வொருவர் ஃபோல்டரிலும் எழுதி வைக்கும் பில்ட்-ஸ்டாம்ப் ஃபைலைத் திறந்தேன். முதல் ஸ்கேன் எல்லாம் 6.0, இரண்டாவது எல்லாம் 7.1. நடுவில் யாரோ சர்வரை அப்டேட் பண்ணியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் மாமாவிடம் புலம்பினேன். சாயப்பட்டறையிலேயே முப்பது வருடம் ஓட்டியவர்; ஒரே தடவையில் சாயம் போட்ட துணிக்கு அங்கே 'லாட்' என்று பேர். "ஏன் மாப்ள, உடம்புக்கு ஒரு லாட்டு, கைக்கு வேற லாட்டுன்னு வெட்டிப்போட்டு, தச்சதுக்கப்புறம் ஷேடு சேரலைங்கறயா?" என்றார். அதேதான்.

இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 2012-லேயே குரோனென்ஷில்டு என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரே ஸ்கேன்களை ஃப்ரீசர்ஃபரின் 4.3.1, 4.5.0, 5.0.0 மூன்றிலும் ஓட்டிப் பார்த்து பிளாஸ் ஒன் இதழில் எழுதிவிட்டார்கள். 5.0.0-க்கும் முந்தைய இரண்டுக்கும் கன அளவில் சராசரி வித்தியாசம் 8.8 சதவீதம், மூளையின் மேலடுக்கான கார்டெக்ஸின் தடிமனில் 2.8. கம்ப்யூட்டரையோ மேக் ஓஎஸ் வெர்ஷனையோ மாற்றினால்கூட விடை நகர்ந்தது, என்ன, கொஞ்சம் கம்மியாக. நாம் தேடும் நோயே வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம்தான் என்றால், அளவுகோல் அதைவிட அதிகமாக ஆடினால் எதை அளக்கிறோம்? அதிலும் வெர்ஷன் ஆளுக்கு ஆள் கலந்துகிடந்தால் வெறும் இரைச்சலோடு போகும். எங்களுடையதில் முதல் ஸ்கேன் முழுக்க ஒன்று, அடுத்தது முழுக்க இன்னொன்று. கால மாற்றமும் வெர்ஷன் மாற்றமும் ஒட்டிப்போய்விட்டன, எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

சரி, முதலிலிருந்து எல்லாம். ஒவ்வொரு ஸ்கேனையும் தனியாக, பிறகு ஒருவரின் எல்லா ஸ்கேனையும் சேர்த்து அவருக்கான பொது வார்ப்பாக 'பேஸ்', அதற்கப்புறம் அதை வைத்து ஒவ்வொரு ஸ்கேனையும் மறுபடி அளக்கும் 'லாங்', எல்லாமே 7.1-இல். ஒரு ஸ்கேனுக்கே பல மணி நேரம் பிடிக்கும். கையால் செய்திருந்த பழைய திருத்தங்களைத் திரும்ப உட்கார்ந்து சரிபார்த்ததுதான் பெரும் கொடுமை. 6.0-இலேயே எல்லாவற்றையும் ஓட்டியிருந்தாலும் தப்பில்லை; எதுவானாலும் ஒன்றே ஒன்று. இப்போது லினக்ஸோடு சேர்த்து எல்லாவற்றையும், மென்பொருளை மாறாமல் அப்படியே அடைத்து வைக்கும் ஆப்டெய்னர் கன்டெய்னரில் பூட்டி வைத்திருக்கிறேன். ஃப்ரீசர்ஃபர் 8 வந்தாயிற்று, நல்லாவும் இருக்கலாம், இந்த ஆய்வு முடியும்வரை அது எங்கள் பக்கம் வராது.

புதுக் கணக்கில் வளர்ச்சி காணாமல் போனது. ஒருவருக்கு மட்டும் இன்னும் கூடியே இருந்தது. படத்தைத் திறந்து பார்த்தால், முதல் ஸ்கேனில் மனுஷன் தலையை ஆட்டியிருக்கிறார்.